கைக்குத் தெரிந்த தலை

"இன்னைக்குக் காலையில செத்துப்போன ஒருத்தரோட தலையை முக்கால் மணி நேரம் கையில ஏந்திக்கிட்டு இருந்தேன்."

வந்த பெண்மணி நாற்காலியில் உட்காரும் முன்பே இதைச் சொல்லிவிட்டார். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். ஒட்ட வெட்டிய நகங்கள். குரல் நடுங்கியது, கைகள் மட்டும் கொஞ்சமும் நடுங்கவில்லை.

ஜன்னலோரம் டீ குடித்துக்கொண்டிருந்த மீட்டர் கோப்பையைக் கீழே வைத்தான். "பிணவறையில வேலைங்களா?"

"இல்ல. அவர் நடந்து வந்தார். நடந்தே போனார்."

"அப்ப அவர் செத்த விஷயம் அவருக்கே இன்னும் தெரியல."

"மீட்டர், சும்மா இரு," என்றார் டீச்சர்.

அந்த அலுவலகத்துக்கு வருகிற எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். இருபத்தாறு வருஷம் கணக்குப் பாடம் நடத்திவிட்டு வேலையை விட்டவர். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்துத் துப்பறிய ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. மீட்டர் அவருடைய உதவியாளன். நாற்பது வயது, சொந்தமாக ஒரு டாக்ஸி, வண்டி ஓடினாலும் நின்றாலும் ஓயாத வாய். பெயர் அப்படித்தான் வந்தது.

டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். மணி இரண்டு பத்து. "முதல்ல இருந்து சொல்லுங்க. என்ன வேலை பண்றீங்க?"

"கிரானியோசேக்ரல் தெரபிஸ்ட்."

"கிரேன் வெச்சுத் தலையைத் தூக்குவீங்களா?" என்றான் மீட்டர்.

"தொடுவேன். அவ்வளவுதான். வர்றவங்க போட்ட துணியோட மல்லாந்து படுப்பாங்க. மண்டையோட்டுல இருந்து முதுகுத்தண்டு முடியிற இடம் வரைக்கும் அங்கங்க கையை வெச்சுக்கிட்டு அசையாம இருப்பேன். ஒரு நாணயத்தை உள்ளங்கையில வெச்சா எவ்வளவு கனமோ, அவ்வளவுதான் அழுத்தம். பெரியவங்களும் வருவாங்க, குழந்தைங்களும் வருவாங்க."

"குணமாகுமா?" டீச்சர் நேராகக் கேட்டார்.

"அப்படி நான் யாருக்கும் சொல்றதில்ல. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்றதும் இல்ல. என் மேசையில படுத்தவங்க தூங்குறாங்க. அது மட்டும் எனக்குத் தெரியும்."

அந்தப் பதில் டீச்சருக்குப் பிடித்திருந்தது. "மேல சொல்லுங்க."

காலை பதினொரு மணிக்குப் புதிதாக ஒருவன் வந்திருக்கிறான். தாடி, தடித்த கண்ணாடி, ஒட்டிய கன்னம். தீராத தலைவலி, இந்த மாதிரி வைத்தியத்துக்கு இதுதான் முதல் தடவை என்று சொன்னானாம். தெரபிஸ்ட் தலைமாட்டில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் அவன் தலைக்கு அடியில் கொடுத்தார். கொடுத்ததும் அந்தத் தலை யாருடையது என்று அவர் கைகளுக்குத் தெரிந்துவிட்டது.

"இடது காதுக்குப் பின்னாடி எலும்புல ஒரு பள்ளம். கட்டைவிரல் நுனி சரியா உட்காரும். கழுத்தோட ரெண்டாவது எலும்பு வலது பக்கம் திரும்பி நிக்கும். படுத்த மூணாவது மூச்சுல தாடையை இறுக்கிக் கடிப்பார். இது மூணும் சேர்ந்த தலை என் கைக்கு வந்தது ஒண்ணே ஒண்ணுதான். நான் முன்ன இருந்த ஊர்ல, மூணு வருஷத்துக்கு முன்னாடி, பத்துத் தடவை வந்தார். அவர் பஸ் விபத்துல போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆச்சு."

"கை ஏமாந்திருக்கலாமே?"

"அப்படித்தான் நானும் நினைச்சேன். ஆனா முதல் தடவைன்னு சொன்னவர், படுத்ததும் ஓரத்துல இருந்த சின்னத் தலகாணியை எடுத்து முழங்காலுக்கு அடியில தானே வெச்சுக்கிட்டார். புதுசா வர்றவங்களுக்கு நான்தான் வெச்சுவிடணும்."

"உங்க கை சொன்னதைவிட அவர் கை சொன்னது இன்னும் தெளிவா இருக்கு," என்ற டீச்சர், இழுப்பறையிலிருந்து இரண்டு சாக்பீஸ் டப்பாக்களை எடுத்தார். பழைய வேலையின் மிச்சம். ஒன்றிலிருந்து ஒரே ஒரு சாக்பீஸை உருவி மடியில் போட்டுக்கொண்டார். "கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு கையையும் நீட்டுங்க."

தெரபிஸ்ட் நீட்டினார். இரண்டு டப்பாக்களும் இரண்டு உள்ளங்கைகளிலும் உட்கார்ந்தன. ஒரு மூச்சு விடும் நேரம்.

"இடது கையில இருக்கிறதுல ஒண்ணு குறையுது."

மீட்டர் வாயைப் பிளந்தான். "எந்தக் காய்கறிக் கடைக்காரனும் இவங்ககிட்ட வாலாட்ட முடியாது டீச்சர்."

"சரி, நம்புறேன்," என்றார் டீச்சர். "போலீசுக்கு ஏன் போகல?"

"'கை சொல்லுது'ன்னு புகார் எழுதினா சிரிப்பாங்க. அதைவிட வேற ஒரு பயம். அவரோட மனைவியும் பொண்ணும் இப்ப இந்த ஊர்லதான் இருக்காங்க. அவர் போனதும் தெரிஞ்ச முகம் நான் ஒருத்திதான்னு என்னைத் தேடிக்கிட்டு வந்தா. பொண்ணுக்கு ஆறு வயசு. பட்டாணின்னு கூப்பிடுவா. அந்தக் குழந்தைக்குத் தூக்கமே கிடையாது. தோளைக் காது வரைக்கும் தூக்கிக்கிட்டே நடக்கும். வியாழக்கிழமை தவறாம நாலு மணிக்கு என்கிட்ட கூட்டிட்டு வருவா."

அன்று வியாழக்கிழமை.

"அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னீங்களா?"

"எட்டுத் தடவை கூப்பிட்டேன். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற சலவைக்கூடத்துல வேலை. போனை லாக்கர்ல வெச்சுப் பூட்டிடணும். வெளிய வந்தாலும் போனை அணைச்சேதான் வெச்சிருப்பா. வேணும்னா அவளே கூப்பிடுவா."

டீச்சர் எழுந்துவிட்டார். "மீட்டர், வண்டியை எடு."

டாக்ஸியில் மூவரும் பேசியது கொஞ்சம்தான். சிக்னலில் நின்றபோது டீச்சர் பின்பக்கம் திரும்பினார். "அவர் செத்துட்டார்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"அவதான்."

"வேற யாராவது?"

தெரபிஸ்ட் யோசித்தார். "இல்ல. கேட்கவும் தோணல. புருஷனைப் பறிகொடுத்தவகிட்ட அத்தாட்சியா கேட்க முடியும்?"

"அதானே," என்றான் மீட்டர். டீச்சர் முன்னால் திரும்பிக்கொண்டார்.

தெரபிஸ்டின் இடம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. மாடிப்படி ஏறியதும் வரவேற்பு மேசை, ஒரு சோபா. வலது பக்கம் பெரியவர்களுக்கான அறை. இடது பக்கம் குழந்தைகளுக்கான அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தது. வரவேற்பு மேசையில் நீலக் கோட்டு போட்ட ஒரு பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"காலையில வந்த தாடிக்காரர் எவ்வளவு நேரம் இருந்தார்?"

"பன்னெண்டேகால் வரைக்கும் மேடம். தெரபி முடிஞ்சு இந்த சோபாவுல கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுத்தான் போனார்."

"குழந்தைங்க ரூமுக்குள்ள போனாரா?"

"போகவே இல்ல மேடம். அந்தக் கதவுப் பக்கம்கூடப் போகல. நான் இந்த இடத்தை விட்டு அசையல."

"நிச்சயமா?"

"சத்தியமா மேடம்."

"சோபாவுல உட்கார்ந்து என்ன பண்ணினார்?"

"கரடியோட நோட்டைப் படிச்சுக்கிட்டு இருந்தார்."

"கரடிக்கு நோட்டா?" மீட்டர் ஆச்சரியப்பட்டான். "நான் எட்டாவது வரைக்கும் நோட்டே வாங்கினதில்ல."

தெரபிஸ்ட் விளக்கினார். குழந்தைகள் வந்ததும் நேராகத் தலையைத் தொட்டால் பயப்படும். அதனால் முதலில் ஒரு துணிக் கரடியைப் படுக்கவைத்து அதன் தலையைத் தொட்டுக்காட்டுவார். குழந்தையும் கரடியின் தலையை ஏந்திப் பார்க்கும். அப்புறம்தான் அதன் முறை. அன்றைக்கு வந்த குழந்தைகளில் ஒன்று கரடியை வீட்டுக்கு எடுத்துப்போகலாம். மறுநாள் திருப்பிக் கொடுக்கும்போது, வீட்டில் கரடி என்ன செய்தது என்று நோட்டில் படம் வரைந்து எழுத வேண்டும். யார் யார் எந்த நாள் என்ற பட்டியல் சுவரில் தொங்கியது. வியாழனுக்கு நேரே பச்சை எழுத்தில் 'பட்டாணி'.

டீச்சர் பட்டியலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, "கரடி எங்க?" என்றார்.

குழந்தைகள் அறையில் மெத்தை விரிப்பின் மேல் அது சாய்ந்து கிடந்தது. பழுப்பு நிறம், ஒரு கண் கொஞ்சம் தளர்ந்திருந்தது. தெரபிஸ்ட் பழக்கதோஷத்தில் தலைக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினார். தூக்கிய கை பாதியில் நின்றது.

"கனமா இருக்கு."

"எவ்வளவு?"

"ஒரு சாக்பீஸ் இருக்கும்."

டீச்சர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பழைய தையல் எல்லாம் பழுப்பு நூல். பின்னங்கழுத்தில் மட்டும் நாலு தையல் நீல நூலில் போட்டிருந்தது. கத்தரிக்கோலால் பிரித்து விரலை விட்டார். பஞ்சுக்கு நடுவிலிருந்து வெள்ளையாக ஒரு வட்டவில்லை வெளியே வந்தது.

"சாவிக்கொத்துல மாட்டுவாங்களே, அந்த டிராக்கர்," என்றான் மீட்டர். "தொலைஞ்ச சாவி எங்க இருக்குன்னு போன்ல புள்ளி காட்டும்." முதல் தடவையாக அவன் குரலில் விளையாட்டு இல்லை.

"தொலைஞ்ச பொண்ணு எங்க இருக்குன்னும் காட்டும்," என்றார் டீச்சர். "தெருவுல பின்தொடர்ந்து போனா அம்மா கண்ணுல பட்டுடுவான். கரடி யார் கண்ணுலயும் படாது. மடியில உட்கார்ந்து வீடு வரைக்கும் போகும்."

தெரபிஸ்ட் சுவரில் சாய்ந்துகொண்டார். "நான் அவர் தலையைப் பிடிச்சுக்கிட்டு இருந்த நேரத்துலயா..."

"இல்ல. உங்க கைக்குள்ள இருந்தவன் எழுந்து வந்து தையல் போட முடியாது. சோபாவுல இருந்தப்பவும் இந்தக் கதவுப் பக்கம் வரல. அதுக்குச் சாட்சி இருக்கு. சத்தியமே பண்ணியாச்சு." டீச்சர் வாசல் பக்கம் திரும்பினார். நீலக் கோட்டுக்காரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "அவன் வரலைன்னா வேற யாரோ வந்திருக்கணும். இந்த இடத்தை விட்டு அசையாத ஆள் ஒருத்தர்தான். உன் கோட்டுல மூணாவது பொத்தான் புதுசா தெச்ச மாதிரி இருக்கே. என்ன நூல் அது?"

அவள் கை தானாகப் பொத்தானுக்குப் போனது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு வாரமா போன்ல பேசினார் மேடம். தெரபிஸ்ட் மேடத்தைத் தேடித்தான் சம்சாரம் வந்திருக்கும்னு கணக்குப் போட்டுக் கூப்பிட்டிருக்கார். பொண்ணைத் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்ட போட்டோ அனுப்பினார். 'என் சம்சாரம் குழந்தையைத் தூக்கிட்டு ஓடிட்டா, நான் செத்துட்டேன்னு ஊர் பூரா சொல்லி வெச்சிருக்கா, தூரத்துல இருந்து ஒரு தடவை பார்த்தா போதும்'னு அழுதார். எங்க அண்ணன் அவர் பொண்ணைப் பார்த்து ஆறு வருஷமாச்சு. அண்ணி கண்ணுலயே காட்டமாட்டேங்கிறாங்க. அவர் ராத்திரியில அழறது எனக்குக் கேட்கும். அதான்... இந்த வில்லையைக் கொடுக்க வர்றதுக்கு ஒரு சாக்கு வேணும்னுதான் அப்பாயின்ட்மென்ட் போட்டுக் கொடுத்தேன்."

மீட்டர் தலையைச் சொறிந்தான். "டீச்சர், இப்ப எனக்கே குழப்பமா இருக்கு. பெத்த அப்பன் பிள்ளையைப் பார்க்கணும்னு நினைச்சா அது தப்பா?"

டீச்சர் கரடியின் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தில் நிறுத்தி, நீலக் கோட்டுக்காரியின் மடியில் வைத்தார். "இதை அவன் பார்த்தான். நீ பார்த்தியா?"

வண்ணப் பென்சிலில் ஒரு வீடு. கதவு. கதவுக்கு முன்னால் பெரிய அலமாரி. அதைத் தள்ளிக்கொண்டு மூன்று உருவங்கள்: பெரியது ஒன்று, சின்னது ஒன்று, கரடி ஒன்று. கீழே கோணல் எழுத்து.

'அம்மாவும் நானும் கரடியும் அலமாரியை கதவுக்கு தள்ளினோம். தினமும் தள்ளுவோம். இன்னிக்கு கரடி இருந்ததால சீக்கிரம் முடிஞ்சிது.'

மீட்டர் எட்டிப் பார்த்து அதைப் படித்தான்.

"செத்தவனுக்குப் பயந்து யாரும் கதவுக்கு அலமாரி முட்டுக் கொடுக்கமாட்டாங்க," என்றார் டீச்சர். "அவ சொன்னது பொய்தான். ஆனா எந்த மாதிரி ஆள்கிட்ட இருந்து தப்பிக்க ஒருத்திக்கு அப்படிப்பட்ட பொய் தேவைப்படும்? ஆறு வயசுக் குழந்தை தினமும் அலமாரி தள்ளிட்டுப் படுத்தா தோள் எப்படிக் கீழ இறங்கும்?"

நீலக் கோட்டுக்காரி அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூக்கு மட்டும் சிவந்துகொண்டே வந்தது.

மூன்று ஐம்பதுக்கு மாடிப்படியில் இரண்டு ஜோடிக் காலடிகள். சலவைச் சோப்பு வாசனையோடு அம்மா வந்தாள். மெலிந்த உருவம், சிவந்த விரல்கள். கையைப் பிடித்துக்கொண்டு பட்டாணி. தெரபிஸ்ட் குழந்தையை மட்டும் உள்ளே அழைத்துப்போனார். டீச்சர் விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

அம்மா அலறவில்லை. முதலில் படிக்கட்டைப் பார்த்தாள், பிறகு ஜன்னலை. தப்பிக்கிற வழிகளை எண்ணிப் பழகியவளின் பார்வை அது.

"என்னை மன்னிச்சிடுங்க," என்றாள். "செத்துட்டார்னு சொன்னா யாரும் அடுத்த கேள்வி கேட்கமாட்டாங்க. விட்டுட்டு வந்துட்டேன்னு சொன்னா ஏன்னு கேட்பாங்க. சொன்னா, குழந்தைக்காகப் பொறுத்துப் போகக்கூடாதாம்பாங்க." முழுக்கைச் சட்டையின் கையை மேலே ஏற்றினாள். மணிக்கட்டு எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. "அந்த ஊர் கோர்ட்டுல கேஸ் இருக்கு. ஜாமீன்ல வெளிய வந்தவர் அப்புறம் ஆஜராகவே இல்ல. பிடிவாரண்ட் போட்டிருக்காங்க."

"அது போதும்," என்றார் டீச்சர். போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்தினார். "இன்ஸ்பெக்டரம்மா, நான்தான். உனக்கு இன்னைக்கு லீவு நாள்தானே? உன் வீட்டுக்கு ஒரு விருந்தாளியை அனுப்பலாம்னு இருக்கேன்."

டீச்சரிடம் படித்தவர்தான் அந்த இன்ஸ்பெக்டர். கணக்கில் எப்போதும் முப்பத்தைந்தைத் தாண்டாதவர். பத்து நிமிஷத்தில் பழைய ஊர் ஸ்டேஷனைப் பிடித்து, வாரண்ட் உண்மைதான் என்று திருப்பிச் சொன்னார்.

"வில்லையை ஸ்டேஷனுக்கே கொண்டுபோனா என்ன?" என்றான் மீட்டர்.

"போன்ல வரைபடம் இருக்கு. புள்ளி போலீஸ் ஸ்டேஷன்ல போய் நின்னா அவன் வருவானா? நாலு குடும்பம் குடியிருக்கிற கட்டடத்துல போய் நிக்கணும்."

நாலே முக்காலுக்குப் பட்டாணியின் தெரபி முடிந்தது. டீச்சர் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். தெரபிஸ்டின் கைகள் அந்தச் சின்னத் தலையின் கீழே அசையாமல் இருந்தன. குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருந்தது. வெளியே அதன் அப்பன் ஏதோ ஒரு தெருவில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"எழுப்பாதீங்க," என்றார் டீச்சர் மெல்ல. "கதவைப் பூட்டிக்குங்க. நான் கூப்பிடுற வரைக்கும் யாருக்கும் திறக்கக்கூடாது."

இப்போது எல்லாம் நீலக் கோட்டுக்காரியின் கையில் இருந்தது. அவள் அவனைக் கூப்பிட்டுப் போனை ஸ்பீக்கரில் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"சொல்லும்மா."

"கிளம்பிட்டாங்க சார். கரடி குழந்தை கையிலதான் இருக்கு. மேகமா இருக்குன்னு டாக்ஸி பிடிச்சாங்க."

"உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

அவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் கண் இமைக்கவில்லை.

"எங்க அண்ணனை நினைச்சுக்கிட்டேன் சார். நீங்களாவது பொண்ணைப் பார்க்கப் போறீங்களேன்னு."

"நல்லா இரும்மா," என்றான் அவன். குரலில் தேன் வழிந்தது.

ஐந்தேகாலுக்கு வில்லையோடு இன்ஸ்பெக்டர் வீடு. இரண்டாவது மாடி. மாடிக்கு இரண்டு வீடு. இன்ஸ்பெக்டர் வீட்டு உடையில் இருந்தார். மாட்டியிருந்த காக்கிச் சட்டையை எடுத்து உள்ளே போட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றார். அவன் மறுபடியும் போன் செய்தால் பதில் சொல்ல ஆள் வேண்டுமென்று டீச்சர் நீலக் கோட்டுக்காரியையும் கூட்டி வந்திருந்தார். மீட்டர் கீழே, டாக்ஸியில்.

ஐந்தரை. ஐந்து நாற்பது. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் உருட்டினார்கள். குழாய் சொட்டியது. இன்ஸ்பெக்டர் எழுந்துபோய் அதை இறுக்கிவிட்டு வந்தார்.

ஐந்து ஐம்பதுக்கு மீட்டரிடமிருந்து செய்தி: 'வெள்ளைக் கார். தாடி. இறங்கிட்டான்.'

படியில் காலடிகள். மெதுவாக, நின்று நின்று ஏறின. இரண்டாவது மாடியில் வந்து நின்றன. இன்ஸ்பெக்டர் தாழ்ப்பாளில் கை வைத்தார். கதவு தட்டும் சத்தத்துக்கு மூவரும் காத்திருந்தார்கள்.

தட்டவில்லை.

டீச்சருக்குச் சுரீரென்றது. புள்ளி கட்டடத்தைத்தான் காட்டும். எந்தக் கதவு என்று காட்டாது. இவனுக்கு இப்போது ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்வியை ஒரே ஒருத்தியிடம்தான் கேட்பான். "போனை அமைதியில போடு!" என்று அவர் திரும்புவதற்குள் நீலக் கோட்டின் பையில் மணி அடித்தது.

கதவுக்கு அந்தப் பக்கமும் அது கேட்டிருக்கும். ஒரு மணி. இரண்டு மணி. பதறிய விரல் பட்டு அழைப்பு எடுபட்டுவிட்டது. ஸ்பீக்கர் இன்னும் அணைக்கப்படவில்லை.

"நீயும் அவகூடச் சேர்ந்துட்டியாடி?" தேன் எல்லாம் வற்றிப்போயிருந்தது. "அவளை முடிச்சுட்டு உன்கிட்ட வர்றேன். அந்தக் குட்டியையும் சேர்த்து..."

இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்தபோது அவன் ஒரு மாடி இறங்கியிருந்தான். அவரும் பாய்ந்தார். டீச்சர் ஜன்னலுக்கு ஓடினார். ஐம்பத்தைந்து வயதில் அவர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை.

கீழே அவன் தன் காரின் கதவைத் திறந்தான்; குனிந்து பார்த்தான்; முன் சக்கரம் இரண்டும் காற்று இறங்கித் தரையோடு தரையாகக் கிடந்தன. பக்கத்திலேயே ஒரு டாக்ஸி, பின் கதவு திறந்தபடி.

"டாக்ஸி சார்?" என்று ஒரு குரல்.

அவன் உள்ளே விழுந்தான். "போ! சீக்கிரம்!"

"எங்க சார்?"

"எங்கயாவது போய்யா!"

இன்ஸ்பெக்டர் வாசலுக்கு வந்தபோது டாக்ஸி முனை திரும்பிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் ஜன்னலிலிருந்து ஒரு கட்டைவிரல் மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

மூன்று தெரு தள்ளியிருந்த ஸ்டேஷன் வளாகத்துக்கு இன்ஸ்பெக்டரும் டீச்சரும் நீலக் கோட்டுக்காரியும் போய்ச் சேர்ந்தார்கள். டாக்ஸியைச் சுற்றி நாலு போலீஸ்காரர்கள். மீட்டர் வெளியே சாய்ந்துகொண்டு நின்றான்.

"எங்கயாவது போன்னார் டீச்சர். கொண்டாந்து விட்டேன். இறங்கமாட்டேங்கிறார். பின் கதவுல உள்ள இருந்து திறக்க முடியாத குழந்தைங்க பூட்டு போட்டிருக்கேன்ல, அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்."

கதவைத் திறந்து அவனை வெளியே இழுத்தார்கள். கண்ணாடி எங்கேயோ விழுந்திருந்தது. அவன் டீச்சரை வெறித்துப் பார்த்தான். "பதினஞ்சு கிலோ குறைச்சேன். தாடி வெச்சேன். என்னைப் பெத்தவளுக்கே அடையாளம் தெரியல. எப்படி?"

"மூஞ்சியை மாத்தினீங்க. அப்புறம் தலையைக் கொண்டுபோய் அந்தம்மா கையில கொடுத்தீங்க," என்றார் டீச்சர். "உங்க தலையெழுத்தை அவங்க பத்துத் தடவை படிச்சிருக்காங்களே."

அவனை உள்ளே கொண்டுபோனார்கள். நீலக் கோட்டுக்காரி ஸ்டேஷன் படியில் உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் அவளிடம் ஒரு பேனாவும் வெள்ளைத் தாளும் கொடுத்து, நடந்ததை முதலிலிருந்து எழுதச் சொன்னார். அவள் ஒன்றும் கேட்காமல் எழுத ஆரம்பித்தாள்.

டீச்சர் போனைக் காதில் வைத்தார். மறுமுனையில் அம்மா. டீச்சர் சொன்னதை எல்லாம் அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். கோர்ட்டுல நான் வந்து சொன்னாத்தானே அவரை உள்ள வெப்பாங்க?"

"ஆமா. அவர் முன்னாடி நின்னுதான் சொல்லணும். முடியுமா?"

பின்னால் தெரபிஸ்ட் ஏதோ மெதுவாகச் சொல்வது கேட்டது. குழந்தை விழித்துக்கொண்டிருக்க வேண்டும். சின்னக் குரல் ஒன்று 'பசிக்குது' என்றது.

"நாளைக்குக் காலையில வேலைக்கு லீவு சொல்லிட்டு நானே ஸ்டேஷனுக்கு வர்றேன்," என்றாள் அம்மா. "என் புருஷன் உயிரோடதான் இருக்கார்னு என் வாயாலயே எழுதித் தர்றேன்."